கர்னல் மாற்றினால் கேன் பஸ் மெதுவாகிவிடுமாம்!

பேட்ச்முனி:
நேற்று வேறொரு இழையில் அரைபிட் ஒரு தீர்ப்பே எழுதிவிட்டார். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் எம்சிபி2515 (கேன் பஸ், அதாவது வண்டிக்குள் கருவிகள் பேசிக்கொள்ளும் கம்பி, அதற்கான சிப்) போட்டு ஓட்டுகிறாராம், லினக்ஸ் கர்னலை 4.19-லிருந்து 5.10-க்கு மாற்றியதும் அனுப்பும் வேகம் பாதியாகிவிட்டதாம். ஆகவே சாக்கெட்கேன் (லினக்ஸ் கர்னலின் கேன் பகுதி) கோடே சொதப்பல், க்யூஎன்எக்ஸ் என்ற வேறு இயங்குதளம்தான் கதியாம். 2008-ல் 2.6.25 கர்னலோடு வந்த கோடு இது. நேரம் எங்கே போகிறது என்று பெர்ஃப் கருவியில் அளவு எடுத்தாரா? இல்லை. அவர் போட்ட நிரலைப் பாருங்கள்: அனுப்பும்போது இனோபஃப்ஸ் (இடமில்லை என்ற) பிழை வந்தால் 5 மில்லிசெகண்ட் தூங்குகிறது. கேன் இடைமுகத்தின் க்யூ, அதாவது ஃபிரேம்கள் (கேன் செய்திகள்) அனுப்பக் காத்திருக்கும் வரிசை, அதன் நீளம் 10. 500 கிலோபிட்டில் 8 பைட் ஃபிரேம் ஒன்றுக்குக் கால் மில்லிசெகண்ட் வைத்துக்கொள்ளுங்கள். 10 ஃபிரேம் இரண்டரை மில்லிசெகண்டில் காலி. மீதி இரண்டரைக்கு பஸ் சும்மா கிடக்கிறது. பாதி வேகம் எங்கே போனது என்று புரிகிறதா?

அரைபிட்:
கணக்கு அருமை. 4.19-லும் க்யூ நீளம் 10தான் ஐயா. அதே நிரல், அதே தூக்கம். அப்போது முழு வேகத்தில் ஓடியது எப்படி? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஓட்டைசைலன்சர்:
எதற்கு இவ்வளவு சண்டை? க்யூ நீளத்தை 1000 ஆக்குங்கள். ஒரே கட்டளை. நான் எல்லா போர்டிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், பிழையே வராது.

பேட்ச்முனி:
வராது, ஏன் வரப்போகிறது? க்யூ நிரம்பினால் கடைசி ஃபிரேம் கால் செகண்ட் கழித்துத்தான் கம்பிக்கு வரும். பஸ்ஸில் எண் சிறிய ஐடிக்கு முன்னுரிமை. உங்கள் க்யூவிலோ முதலில் வந்தவருக்கு முதல் மரியாதை. அவசர ஃபிரேம் 999 வெட்டி ஃபிரேமுக்குப் பின்னால் நிற்கும். 10 என்று வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை.

ஓட்டைசைலன்சர்:
நான் அளந்து பார்த்தேன், தாமதமே இல்லை.

பேட்ச்முனி:
எதில் அளந்தீர்கள்? போன தடவை போலவே விகேன் என்ற போலி இடைமுகத்திலா? அதில் கம்பியே கிடையாது சார்.

ஓட்டைசைலன்சர்:
போன தடவை விஷயத்தை எதற்கு இழுக்கிறீர்கள்? அன்றைக்கு நீங்கள்தான் பெர்ஃப் தேவையில்லை, கண்ணால் பார்த்தாலே தெரியும் என்று எழுதினீர்கள்.

புதுசு_42:
ஒரு சந்தேகம். மெதுவு என்றால் இங்கே தாமதமா, செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் என்பதா? ஆளுக்கு ஒன்றைப் பேசுகிற மாதிரி இருக்கிறது.

அரைபிட்:
அதே நிரல். அதே தூக்கம். 4.19-ல் ஓடியது. யாராவது பதில் சொல்கிறீர்களா?

கிரீஸ்கை:
நான் சொல்கிறேன். க்யூவில் எதை எப்போது அனுப்புவது, எதைத் தூக்கிப் போடுவது என்று முடிவு செய்யும் கர்னல் பகுதிக்குப் பெயர் க்யூடிஸ்க். சிஸ்டம்டி (கணினியைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்த லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் பொதுவாக இயல்பான க்யூடிஸ்க் எஃப்க்யூ-கோடெல். அதன் வரம்பு 10240 ஃபிரேம், உங்கள் 10-ஐ அது மதிப்பதே இல்லை. ஃபிரேம்கள் 5 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருப்பது தொடர்ந்தால் க்யூவின் தலையிலிருந்து தூக்கிப் போட்டுவிடும், நிரலுக்குப் பிழையும் சொல்லாது. இணையத்தின் டிசிபி என்றால் தொலைந்ததை மறுபடி அனுப்பித் தானே சமாளித்துக்கொள்ளும், கேனில் அது நடக்காது. 2019-ல் இதற்கு பேட்ச் வந்தது: கேன் சாதனம் என்றால் பிஃபோ-ஃபாஸ்ட் என்ற எளிய க்யூடிஸ்க்தான். அது நிரம்பினால் வாய்விட்டு இனோபஃப்ஸ் சொல்லும். அரைபிட், பழைய கர்னலில் உங்களுக்குப் பிழை வரவில்லை, அவ்வளவுதான். ஃபிரேம் எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று எதிர்முனையில் எண்ணிப் பார்த்தீர்களா?

அரைபிட்:
எண்ண வேண்டிய அவசியமே வரவில்லை, ஏனென்றால் ஓடியது. முன்பு ஓடியது இப்போது ஓடவில்லை என்றால் அது கர்னலின் தவறு. இனி ஆயிரம் பேட்ச் காட்டுங்கள்.

பேட்ச்முனி:
கிரீஸ்கை சொல்வதும் சுற்றிச் சுற்றி 10-க்குத்தான் வருகிறது. பிஃபோ-ஃபாஸ்ட் எந்த எண்ணைப் பார்த்து இனோபஃப்ஸ் தருகிறது? 10. நான் முதல் வரியிலேயே சொன்னேன்.

கிரீஸ்கை:
முதல் வரியில் நீங்கள் க்யூடிஸ்க் என்ற சொல்லையே எழுதவில்லை. 10 இரண்டு கர்னலிலும் இருக்கிறது. மாறியது க்யூடிஸ்க்.

பேட்ச்முனி:
தூக்கத்தை எடுத்துவிட்டால் பிரச்சினை போய்விடும். அப்புறம் க்யூடிஸ்க் எதற்கு? எம்சிபி2515-ல் அனுப்ப மூன்று பஃபர் இருக்கிறது, டிரைவர் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது. அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்களேன்.

கிரீஸ்கை:
டிரைவர் 4.19-லும் அப்படித்தான். எந்தக் கேள்விக்கு இது பதில்?

ஓட்டைசைலன்சர்:
1000 போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மறுபடியும் சொல்லிவைக்கிறேன்.

பேட்ச்முனி:
உங்கள் வண்டியின் நம்பரைச் சொல்லுங்கள், அந்த ரோட்டுப் பக்கமே நான் வரமாட்டேன். அரைபிட், இரண்டு கர்னலிலும் க்யூடிஸ்க் கணக்கைக் காட்டும் 'டிசி' கட்டளையின் புள்ளிவிவரத்தை ஒட்டுங்கள், 'டிராப்டு' (தூக்கிப் போட்ட ஃபிரேம்) எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம்.

அரைபிட்:
4.19 இருந்த மெமரி கார்டை அழித்தாயிற்று. க்யூஎன்எக்ஸில் இந்தத் தலைவலி இல்லை என்பதுதான் என் கட்சி.

பேட்ச்முனி:
க்யூஎன்எக்ஸ் ஒரு நாளாவது ஓட்டியிருக்கிறீர்களா?

அரைபிட்:
நீங்கள் ஒரு நாளாவது ஒரு பேட்ச் அனுப்பியிருக்கிறீர்களா, பெயரில் வைத்திருப்பதைத் தவிர?