முன் பிரேக் பேட் "30 சதவீதம்தான் மீதி" என்கிறார்கள்: இப்போதே மாற்ற வேண்டுமா?

சேலத்துவாசி (கேள்வி):
வணக்கம். என்னுடையது ஐந்து வருடப் பழைய சிறிய பெட்ரோல் கார். பிரேக் முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பேடுகள் கவ்வி நிறுத்தும்), பின்னால் டிரம். 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது, பெரும்பாலும் ஊருக்குள்தான். போன வாரம் சர்வீஸுக்கு விட்ட இடத்தில், முன் பேட் 30 சதவீதம்தான் இருக்கிறது, டிஸ்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள் என்று ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்தார்கள். சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட் தடிமனாகத்தான் தெரிகிறது. காலையில் வண்டியை எடுத்ததும் முதல் சில பிரேக்குகளுக்கு ஒரு கரகரப்பு கேட்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. பிரேக் ஆயிலும் சற்று இறங்கியிருக்கிறது. அடுத்த மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போக வேண்டும். மாற்றுவதா, போய்வந்த பிறகு பார்த்துக்கொள்வதா?

நாமக்கல் ஓட்டுநர்:
41,000 ஓடிவிட்டதல்லவா, யோசிக்காமல் மாற்றுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலைக்குப் போகிறவர் பேட் விஷயத்தில் கணக்குப் பார்க்கலாமா?

பட்டறைக்காரர்:
மலைக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்பது சரி, அண்ணா. ஆனால் கிலோமீட்டரை வைத்துப் பேடை முடிவு செய்ய முடியாது. நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டியில் 60,000 தாண்டியும் நன்றாக இருக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டியில் 25,000-இலேயே தேய்ந்துவிடும்.

தம்பி, சதவீதம் வங்கி வட்டிக்குத்தான் சரிப்படும். பேடுக்கு மில்லிமீட்டர் கேளுங்கள். புதிய முன் பேடில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். அதன் பின்னாலிருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்த்து அளக்கக் கூடாது. பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. 2-க்குக் கீழே போன பேடோடு எந்த மலையிலும் ஏறாதீர்கள். நடுவில் இருந்தால் உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது.

நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்தது வெளிப்பேட் மட்டும். இந்த வகைக் கார்களில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் நகரும் பிஸ்டன் நேராகத் தள்ளுவது உள்பேடை. பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிப்பர் என்ற பகுதி ஒரு சிறு இரும்புக் கம்பியின் மேல் நகரும்; பின் என்று சொல்லும் அந்தக் கம்பி இறுகிப்போனால் உள்பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும், வெளியே இருப்பது புதிதுபோல் நிற்கும். சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

காலைக் கரகரப்பு, இரவுப் பனியிலும் மழையிலும் டிஸ்கின் மேல் படியும் மெல்லிய துருதான். அதற்குப் பயப்பட வேண்டாம். வண்டி ஓடும்போது விடாமல் மெல்லிய கீச்சொலி வந்தால், பேடின் எச்சரிக்கைத் தகடு டிஸ்கைத் தொடுகிறது என்று பொருள். இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தம் கேட்டால் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அதனால் ஆயில் கொஞ்சம் இறங்கும். குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருந்தால் இப்போது ஊற்றாதீர்கள். புதிய பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது நிரம்பி வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். கோட்டுக்குக் கீழே போயிருந்தால் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பேட் தேய்ந்தது என்பதற்காக மட்டும் டிஸ்கை மாற்ற வேண்டியதில்லை. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேலே இருந்து, ஆழமான கோடோ விரிசலோ இல்லாமல், பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிராமலும் இருந்தால் பழைய டிஸ்கே போதும்.

சேலத்துவாசி:
வேறொரு பட்டறையில் கழற்றிப் பார்த்தோம், ஐயா. வலப்பக்கம் இரண்டும் 4 மி.மீ. இடப்பக்கம் வெளிப்பேட் 5, உள்பேட் 2 கூட இல்லை. கேலிப்பர் பின் அசையவே இல்லை. டிஸ்க் தடிமன் போதுமான அளவு இருக்கிறது. இடப்பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

பட்டறைக்காரர்:
கூடாது. இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பின்னைக் கழற்றித் துடைத்து, கிழிந்திருந்தால் ரப்பர் உறையையும் மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸில் ரப்பர் ஊதிவிடும். இதைச் செய்யாமல் பேட் மட்டும் போட்டால் புதிய உள்பேடும் அதே கதிக்குத்தான் போகும். பின்சக்கர டிரம்மையும் திறந்து, அங்கே பேடுக்குப் பதிலாக இருக்கும் ஷூவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்?

சேலத்துவாசி:
வாங்கியதிலிருந்து மாற்றியதாக எந்த பில்லிலும் இல்லை.

பட்டறைக்காரர்:
அப்படியானால் டிஸ்குக்கு எழுதிக் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்குச் செலவழியுங்கள். ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும், புதுப் பேடும் உதவாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

பேட் போட்டதும் வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் 200, 300 கி.மீ. திடீர் பிரேக் பிடிக்காமல் ஓட்டினால் பேட் டிஸ்கோடு பொருந்திவிடும். மலைக்குப் போகும் முந்தைய நாள் மாற்றாதீர்கள்.

நாமக்கல் ஓட்டுநர்:
உள்பேட் விஷயம் எனக்கும் புதிது, என் வண்டியையும் கழற்றிப் பார்க்கப் போகிறேன். கொல்லிமலையில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்திக் காற்றாட விடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். டிஸ்க் விரிசல் விட்டுவிடும்.