பின்பக்கப் பலகைத் தளமும் நம்ம ஊர்ப் பாசியும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நானுஓயாக்காரன்
ஏப்ரல் சீசனுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று டெக்கை, அதாவது பின்பக்கப் பலகைத் தளத்தை, கழுவ ஒருவரைப் பிடித்தோம், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் பிரஷர் வோஷர் மெஷினோடு வந்தார். பாசி போனது உண்மைதான். காய்ந்த பிறகு பார்த்தால் பைன் பலகை முழுக்க நார் எழும்பி நிற்கிறது, மரத்தின் மிருதுவான இடமெல்லாம் அரித்துப் போய் வரி மட்டும் மேடாகத் தெரிகிறது. அக்காவின் மகள் வெறுங்காலோடு ஓடி வந்தவள் பாதியிலேயே ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். உள்ளங்காலில் விரல் நீளச் சிராய். ஊசியால் எடுக்கும்போது அந்தப் பிள்ளை அழுத அழுகை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அவர் குழாய் முனையைப் பலகையோடு ஒட்டிப் பிடித்தே அடித்தார், கேட்டதற்கு "பைன் அப்படித்தான் தம்பி" என்று சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பதில்தான் ஆறவே இல்லை.

வட்டவளை மருமகள்
அண்ணே, மெஷினை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை. மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை பலகை காய்கிற பேச்சே கிடையாது, கையால் தேய்த்து எப்போது முடிப்பது? மாமி அந்தி நேரம் துணி எடுக்கப் போனவர் முதல் பலகையில் கால் வைத்ததும் சறுக்கிவிட்டார், கூடை உருண்டு தேயிலைக்குள்ளேயே போய்விட்டது, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கியதால் தப்பினார். பச்சையாக ஒன்றுமே தெரியவில்லை. கிட்டப் போய் விரலால் தடவினால்தான் கண்ணாடி மாதிரி ஒரு படலம்.

லிந்துலை தச்சு வேலை
இரண்டு பேரும் மேல்பக்கத்தையே பேசுகிறீர்கள். ஒரு பங்களாவில் மேலே எண்ணெய் பூசி மினுமினுவென்று இருந்தது, ஒரு பலகையை நெம்பி அடியில் குத்திப் பார்த்தேன், ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை இறங்கிவிட்டது. அந்த வீட்டு அம்மா பேச்சு மூச்சில்லாமல் நின்றார், அதற்கு முந்தின வாரம்தான் பேரப்பிள்ளையின் பிறந்தநாளை அதன்மேல் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள்.

அதனால் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் பரவாயில்லை. முதலில் பலகை இடுக்கில் அடைந்த இலையையும் சவுக்குச் சருகையும் கத்தியால் கீறி எடுங்கள், அங்கே தேங்கும் ஈரம்தான் மரத்தைத் தின்கிறது. பூச்சாடியை நேராகப் பலகையில் வைக்காமல் கால் கொடுத்து உயர்த்துங்கள். தளத்துக்கு அடியில் விறகு அடுக்காதீர்கள், காற்று போக வேண்டும். கழுவுவதற்குச் சோடியம் பர்கார்பனேட் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் காயவிடாமல் வைத்து, நைலோன் பிரஷ்ஷால் மர வரி போகிற பக்கமே தேய்த்தால் போதும், சாதாரணத் தோட்டக் குழாயிலேயே அலசலாம். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், உடைந்த கம்பி மரத்துக்குள் நின்று துருப்பிடிக்கும். எண்ணெய் பூசுவது பெப்ரவரி, மார்ச் வெயிலில்தான். பலகையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், உள்ளே இழுத்தால் பூசலாம், முத்தாக நின்றால் பொறுங்கள். தங்கச்சி, உங்கள் வீட்டில் தளத்துக்கு மேலே மரக்கிளை ஏதாவது கவிந்திருந்தால் அதை வெட்டாமல் எத்தனை தடவை கழுவினாலும் பாசி திரும்ப வரும்.

பண்டாரவளை
தச்சண்ணன் சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. எங்கள் டெக்கில் கறுப்புக் கறுப்பாக வட்டம், பூஞ்சணம் என்று நினைத்து வீட்டில் வேலைக்கு வந்தவர் குளோரின் ஊற்றி ஊற்றித் தேய்த்தார், மரம் வெளுத்து நாரானதே தவிர வட்டம் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஒரு ஆணி. இரும்பும் மரச் சாறும் ஈரத்தில் சேர்ந்தால் வருகிற கறை அது, ஒக்சாலிக் அமிலக் கரைசல் தடவினால்தான் போகும். நஞ்சு, கையுறை போட்டுச் செய்யுங்கள், நன்றாக அலசுங்கள். குளோரினோடு எந்த அமிலத்தையும் சேர்த்துவிடாதீர்கள், வருகிற புகை மூச்சை அடைக்கும். ஆணியை மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போடுங்கள்.

ஹட்டன் அக்கா
பாசியை விடுங்கள், எண்ணெய் பூசிய துணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. எங்கள் பக்கத்து வீட்டில் மரத்துக்குப் பூசும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசி முடித்துத் துணிகளைச் சுருட்டி விறகு மடுவத்தில் ஒரு வாளிக்குள் போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஒரு நாற்றம். நான்தான் போய்க் கையை வைத்தேன், சூடு தாங்க முடியவில்லை, நடுத்துணியில் பழுப்பாகக் கருகல் விழுந்திருந்தது. நெருப்பும் இல்லை, வெயிலும் இல்லை. அந்த எண்ணெய் காய்வதே காற்றோடு சேர்ந்து சூடாகித்தானாம், சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. வாளியோடு தூக்கி வெளியே வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். மடுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் பிள்ளைகள் படுக்கிற அறை. பூசி முடிந்ததும் துணியைத் தனித்தனியாக வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஊறப்போட்டு மூடிய தகர டப்பாவில் வையுங்கள். எண்ணெயை விற்ற கடையில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.