எம்.பி.யின் ஒரு வாரம்: அருகிலிருந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர்:

கொங்கு நாட்டுத் தொகுதி ஒன்றின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சில ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்தேன். கட்சியும் பெயரும் இங்கே வேண்டாம். எம்.பி. என்றால் தில்லியில் பேசுபவர், ஊரில் மாலை வாங்கிக்கொள்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கும் காகித வேலைதான் அவருடைய வாரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது.

கூட்டத்தொடர் நடக்கும்போது, திங்கட்கிழமை காலை 11 மணிக்கு மக்களவையில் கேள்வி நேரம் தொடங்கும் அதே வேளையில், இங்கே ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். அங்கே மனுக் கொடுத்தவர்களில் பலர், ரசீதின் நகலை எடுத்துக்கொண்டு மதியமே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடிநீர் இணைப்பு என்று வருபவற்றில் பெரும்பாலானவை மாநில அரசின் பொறுப்பிலோ உள்ளாட்சியின் பொறுப்பிலோ உள்ளவை. "இது எம்.பி. பார்க்கிற வேலை இல்லைங்க" என்று சொன்னால், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க, நீங்க ஒரு லெட்டர் குடுங்க போதும்" என்பார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும். நாங்கள் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வரைவுகளை, அவர் அவை முடிந்து இரவு அறைக்குத் திரும்பிய பிறகு படித்து ஒப்புதல் தருவார். ரயிலில் அவசர ஒதுக்கீடு கேட்கும் கடிதங்கள் மட்டும் இரவு வரை காத்திருக்காது.

கேள்வி எழுதுவது தனிக் கலை. ஒரு நாளில் 20 நட்சத்திரக் கேள்விகளுக்குத்தான் வாய்மொழியாக விடை கிடைக்க வழி உண்டு. எழுத்து வடிவில் விடை பெறும் கேள்விகள் 230. எவை இடம்பெறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதால், இன்று எரிகிற பிரச்சினைக்கு அது உடனடி மருந்தாகாது. 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு வரி விதிக்கப்பட்டு, அது மொத்தத்தில் 11 சதவீதமாக அமைந்தது. அதற்குப் பிறகு நூல் விலை ஏறியபோது, சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்களும் திருப்பூர் பனியன் உற்பத்தியாளர்களும் ஒரே மூச்சாக அழைத்தார்கள். முதல் வரைவில் "நூல் விலையைக் குறைக்க அரசு நடவடிக்கை எடுக்குமா" என்று எழுதியிருந்தோம். அதைப் படித்த எம்.பி., "இதற்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரியில் பதில் வரும்" என்று அடித்துவிட்டு, கடந்த மூன்று ஆண்டுகளில் மாதவாரியாக எவ்வளவு பஞ்சு இறக்குமதியானது, எவ்வளவு வரி வசூலானது என்று கேட்கச் சொன்னார். எண்ணைக் கேட்டால் எண்தான் விடையாக வர வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 2022 ஏப்ரலில் அந்த வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது. அது எங்கள் கேள்வியால் நடந்தது என்று சொன்னால் திருப்பூரே சிரிக்கும்.

வெள்ளிக்கிழமை அவையின் கடைசி இரண்டரை மணி நேரம், அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது. கட்சிக் கட்டளையின் பிடி சற்றுத் தளர்ந்து உறுப்பினர் தன் மனத்தில் உள்ளதைப் பேசக்கூடிய நேரம் அது என்பது என் எண்ணம். ஆனால் கோவை விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் எங்களவர் அநேகமாக அந்த நேரத்தில் கிளம்பிவிடுவார். காரணம் முகூர்த்தம். மழைக்காலத் தொடர் பெரும்பாலும் ஆடியிலும், குளிர்காலத் தொடரின் பின்பகுதி மார்கழியிலும் விழுவதால் அவற்றில் தப்பித்துக்கொள்வோம். பட்ஜெட் தொடர்தான் தை, மாசி, பங்குனி என்று கல்யாணங்களோடு நேராக மோதும். அதிகாலையில் பெருந்துறையில் ஒரு மண்டபம், விடிந்ததும் காங்கேயத்தில் இன்னொன்று, நடுவில் ஒரு துக்க வீடு என்று ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். கல்யாணத்துக்கு வராததை மன்னிப்பவர்கள்கூடத் துக்கத்துக்கு வராததை மறப்பதில்லை. எங்கள் பாடாவது பரவாயில்லை. நீலகிரி தொகுதியில் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் ஆகியவையும் அடங்குவதால், அதன் உறுப்பினர் நான்கு மாவட்டங்களின் ஆட்சியர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருக்கிறது.

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒருவர்:

நான் மனுக் கொடுக்கப் போன பக்கத்து ஆள். எங்கள் கூட்டத்தின் (குலப்பிரிவின்) குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தோம். அன்னதான மண்டபம் ஒன்று கட்டித் தரும்படி கேட்க, பெரியவர்களோடு ஒரு சனிக்கிழமை எம்.பி. அலுவலகத்துக்குப் போனோம். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி வருகிறதே, அதில் ஒரு மண்டபத்துக்கு இல்லாமலா போகும் என்பது எங்கள் நியாயம். அவர் எங்களை உட்காரவைத்து, மோர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார். அந்தப் பணம் அவர் கைக்கு வருவதே இல்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கலாம், மதிப்பீடு தயாரித்து அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். வழிபாட்டுத் தலத்துக்குள்ளும், சமய அமைப்புக்குச் சொந்தமான நிலத்திலும் அந்த நிதியில் எதுவும் கட்ட விதி இடம் தராது. எங்கள் பெரியப்பா விடவில்லை: "ஏனுங்க, போன எலெக்‌ஷன்ல கோயில் வாசல்ல நின்னுதானுங்களே ஓட்டுக் கேட்டீங்க?" அவர் சிரித்துவிட்டு, ஊராட்சிக்குச் சொந்தமான இடம் அருகில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கடைசியில் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளிப் பொது இடத்தில் ஆழ்குழாய்க் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் அமைந்தன. மண்டபத்தை நாங்களே தலைக்கட்டு வரி போட்டு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்து, கட்டிக்கொண்டோம். அவர் மறுத்த விதத்தில் எனக்குக் குறையில்லை. விதியைத் தேர்தலுக்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்பது மட்டும் பெரியப்பாவின் மனத்தாங்கல்.

ஊராட்சித் தலைவராக இருந்த ஒருவர்:

மேலே இருவரும் திஷா கூட்டத்தைச் சொல்லவில்லை. மத்திய அரசுத் திட்டங்களை மாவட்ட அளவில் கண்காணிக்க 2016இல் ஏற்படுத்தப்பட்ட குழு இது; எம்.பி. தலைமை வகிப்பார், ஆட்சியர் உறுப்பினர் செயலராக இருப்பார். கூட்டத்தொடர் இல்லாத வாரங்களில் எம்.பி.யின் அதிகாரம் கண்ணுக்குத் தெரியும் இடம் இதுதான் என்பேன். நான் போயிருந்த கூட்டத்தில், துறைவாரியாக அச்சடித்த அறிக்கையில், எங்கள் ஊர்ச் சாலையின் சிறுபாலம் "பணி நிறைவு" என்ற கட்டத்தில் இருந்தது. எம்.பி. எதுவும் பேசாமல் தன் கைப்பேசியை ஆட்சியர் பக்கம் நகர்த்தினார். அன்று காலை வரும் வழியில் இறங்கி எடுத்த படம்: தூண்கள் இருந்தன, மேல்தளம் இல்லை. பொறியாளர் எழுந்து நின்று, தட்டச்சுப் பிழை என்றார். அடுத்த கூட்டத்து அறிக்கையில் அந்தப் பாலம் "பணி நடைபெறுகிறது" என்ற கட்டத்துக்கு மாறியிருந்தது. மேல்தளம் அதற்கும் பிறகுதான் வந்தது.