வோர்ட்டை உடனே குளிரவைக்காமல் கேனில் அடைத்து வைக்கலாமா?

நுரைதள்ளி (பெர்த்):

வணக்கம். வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் கேட்கிறேன். (தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அண்டாவைத் தூக்காதீர்கள், அங்கே இது சட்டப்படி குற்றம். ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிக்குக் காய்ச்சலாம், சாராயம் வடிக்கத்தான் கூடாது.)

20 லிட்டர் அளவில் காய்ச்சுகிறேன். ஒரு மணி நேரம் கொதித்ததும் சில்லர் என்கிற செப்புச் சுருளை உள்ளே இறக்கி, தோட்டக் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு வோர்ட்டை (மால்ட் என்கிற முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த, இன்னும் ஈஸ்ட் போடாத இனிப்புச் சாறு) ஆற்றுவேன். குளிர்காலத்தில் சரி. போன சனிக்கிழமை குழாய்த் தண்ணீரே 27 டிகிரி. முக்கால் மணி நேரம் ஓடவிட்டும் வோர்ட் 34 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை, அத்தனை தண்ணீரும் எலுமிச்சை மரத்தடியில் குளமாக நின்றது. தோட்டத்துக்குத் தெளிப்பானில் வாரம் 2 நாள்தான் தண்ணீர் விடலாம் என்று சட்டம் இருக்கிற ஊரில் இது வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடையில் ஒருவர் சொன்னார், சில்லரே வேண்டாம், கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கேனில் ஊற்றி மூடிவிட்டு மறுநாள் ஈஸ்ட் போடு என்று. ஆனால் படித்த புத்தகமெல்லாம் சீக்கிரம் ஆற்றாவிட்டால் கெட்டுப்போகும் என்கிறது. எது சரி? பிளாஸ்டிக்கில் சுடச்சுட ஊற்றுவதும் கொஞ்சம் உதைக்கிறது.

பழைய அண்டா (பிரிஸ்பேன்):

தம்பி, கடைக்காரர் சொன்னது சரி. இந்த முறையே ஆஸ்திரேலியர்கள் பரப்பியதுதான். 2000க்குப் பிறகு வந்த நீண்ட வறட்சியில் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தபோது நிறையப் பேர் இதற்கு மாறினார்கள், நானும் அப்போது மாறியவன். சில்லர் கொட்டகையில் பச்சை பிடித்துக் கிடக்கிறது.

நம் வீட்டில் ராத்திரி மிஞ்சின சாம்பாரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, மூடி, மறுபடி கரண்டியே போடாமல் வைப்பார்களே, அதே கணக்குதான். சூடான வோர்ட்டே கேனின் உட்புறத்தைச் சுத்தம் செய்துவிடும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்ட, தடிமனான, உணவுக்கான கேன் வாங்கு. இங்கே கியூப் என்று கேட்டால் கொடுப்பார்கள். குடிதண்ணீர் பாட்டில் ஜாதிப் பிளாஸ்டிக் சூட்டில் சுருங்கிவிடும், கண்ணாடி ஜாடி பட்டென்று வெடிக்கும், இரண்டையும் நினைக்கவே வேண்டாம்.

அடுப்பை அணைத்து 10 நிமிடம் விடு, வண்டல் அடங்கட்டும். சூடு தாங்கும் சிலிகான் குழாயை அண்டாவின் குழாயில் மாட்டி, மறுமுனை கேனின் அடியைத் தொடும்படி விட்டுச் சலசலக்காமல் நிரப்பு. கழுத்து வரை நிரப்பி, இரண்டு பக்கமும் முழங்காலால் அமுக்கி மிச்சக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியை இறுக்கு. அப்புறம் கேனைப் பக்கவாட்டில் சாய்த்து வை. மூடியின் உட்புறமும் கைப்பிடியின் பொந்தும் 10, 15 நிமிடம் சூட்டில் இருக்கவேண்டும், ஏனென்றால் கிருமி ஒளிந்துகொள்கிற இடம் அந்தப் பொந்துதான். கனமான கையுறை, மூடின காலணி கட்டாயம். நான் ஒருமுறை செருப்போடு நின்று வாங்கிக்கொண்டேன், கால் விரல் இடுக்கில் இன்னும் தழும்பு இருக்கிறது.

பனையோலை (மெல்பர்ன்):

அண்ணர் சொன்னது சரி, ஆனால் ஒன்று. சிலர் அண்டாவிலேயே மூடியைப் போட்டு விடியும்வரை விடுகினம், அதைச் செய்யாதீங்கோ. சூடு இறங்க இறங்க அண்டா வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். எங்கட ஊரில் முட்டிக்குச் சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் பதநீர் இறக்கும்போதே கள்ளாகி நிற்கும், காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்டுக்கு அவ்வளவு நேரம் போதும். பெல்ஜியத்தில் லாம்பிக் என்கிற புளிப்பு பியர் காய்ச்சுகிறவர்கள் வேண்டுமென்றே அகலத் தொட்டியில் திறந்து ஆறவிடுகினம், அதுவும் குளிர் மாதங்களில் மட்டும்தான். உங்களுக்குப் புளிப்பு பியர் வேண்டாமென்றால் இறுக்கி அடைத்த கேன்தான்.

நுரைதள்ளி:

நன்றி. அப்படியானால் இரண்டு மூன்று கேன் காய்ச்சி அடுக்கி வைத்துக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக ஈஸ்ட் போடலாமா? கடையில் விற்கிற கேன் வோர்ட் மாதக்கணக்கில் இருக்கிறதே.

சோதனைக்குழாய் (அடிலெய்ட்):

இங்கேதான் நான் குறுக்கே விழுகிறேன். மறுநாள் ஈஸ்ட் போடுவதற்கும் மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதற்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, எல்லாரும் இரண்டையும் ஒரே பேச்சில் பேசிவிடுகிறார்கள்.

கொதிக்கவைப்பதில் ஈஸ்டும் சாதாரண பாக்டீரியாவும் செத்துவிடும். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்கிற கிருமியின் வித்துகள் சாகாது. அதைக் கொல்ல 121 டிகிரி, அதாவது பிரஷர் குக்கர் மாதிரியான அழுத்தம் வேண்டும். அந்த வித்து முளைத்து நஞ்சு உண்டாக்கக் காற்றில்லாத இடமும், 4.6க்கு மேற்பட்ட பி.எச்.சும் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்), மிதமான சூடும் போதும். வோர்ட்டின் பி.எச். 5.0 முதல் 5.4 வரை, காற்றை நீங்களே பிழிந்து எடுத்துவிட்டீர்கள், பெர்த் வெயிலில் கொட்டகைச் சூட்டுக்குக் கேட்கவேண்டுமா? வீட்டு பியரால் யாருக்கும் இப்படி ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை, ஆனால் அதற்குக் காரணம் எல்லாரும் சீக்கிரம் ஈஸ்ட் போட்டுவிடுவதுதான் என்பது என் எண்ணம். ஈஸ்ட் வேலையை ஆரம்பித்தால் பி.எச். 4.5க்குக் கீழே போய்விடும், சாராயமும் ஏறும், கதை முடிந்தது.

அதனால் 24 மணி நேரத்துக்குள், சூடு 20 டிகிரிக்கு வந்ததும் போட்டுவிடுங்கள். கேன் வெளிச்சூட்டிலேயே நின்றால் ஒரு வாளித் தண்ணீரிலோ நீச்சல் குளத்திலோ இறக்குங்கள். கடைக்காரர்களின் கணக்கு வேறு, அவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை நம் அடுக்களையில் செய்ய முடியாது. கேன் உப்பியிருந்தால் வேறு ஏதோ குடியேறிவிட்டது, கீழே கொட்டுங்கள். உப்பவில்லை என்பதால் பாட்டுலினம் இல்லை என்றும் ஆகாது.

பழைய அண்டா:

சோதனைக்குழாய் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் முன்பு மூன்று வாரம்கூட வைத்திருந்தேன், இப்போது வைப்பதில்லை.

ருசி விஷயம் இரண்டு சொல்லவேண்டும். ஹாப்ஸ் (கசப்புக்கும் மணத்துக்கும் போடுகிற பூ) கேனுக்குள்ளும் கசந்துகொண்டே இருக்கும், 80 டிகிரிக்கு இறங்கும்வரை கசப்பு ஏறும், 20 லிட்டர் ஒன்றாக இருப்பதால் அது மெதுவாகத்தான் இறங்கும். அதனால் கடைசி 15 நிமிடத்தில் போடச்சொன்ன ஹாப்ஸை அணைத்த பிறகு போடு, அணைத்த பிறகு போடச்சொன்னதைத் துணிப்பையில் கட்டிக் கேனுக்குள்ளேயே போடு. முதல் தடவை நான் இதைச் செய்யாமல் விட்டு, வேப்பிலைக் கஷாயம் மாதிரி வந்தது.

இரண்டாவது, பில்ஸ்னர் என்கிற வெளிர்நிற மால்ட் என்றால், சூடாக மூடிவைப்பதால் வேகவைத்த மக்காச்சோள வாசம் வரும் என்று பயமுறுத்துவார்கள். அந்த வாசத்துக்கு மூலமான பொருள் கொதியில் 40 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்று கணக்கு. 60 நிமிடம் கொதித்தால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும், 90 நிமிடம் கொதித்தால் ஐந்தில் ஒன்று. எனவே மூடி போடாமல் 90 நிமிடம் கொதிக்கவிடு. அதைவிடக் கொஞ்சம் வறுபட்ட பேல் ஏல் மால்ட் என்றால் கவலையே இல்லை. பியர் கொஞ்சம் கலங்கலாக வரலாம், எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

நுரைதள்ளி:

ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டேன். இன்று காலை பார்த்தால் கேன் இரண்டு பக்கமும் கன்னம் ஒட்டினமாதிரி உள்வாங்கியிருக்கிறது, மூடியைத் திருகியதும் ஸ்ஸ் என்று காற்றை உறிஞ்சியது. 21 டிகிரி. ஒரு சந்தேகம், அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பச்சையும் வெள்ளையுமாக வண்டல் நிற்கிறது, அதையும் சேர்த்து ஊற்றலாமா?

பழைய அண்டா:

கொஞ்சம் போனால் ஒன்றும் ஆகாது. உயரத்திலிருந்து நுரை தள்ள ஊற்று, ஆறின பிறகு ஈஸ்டுக்குக் காற்று வேண்டும். கேனை மறுபடி மூடி வெயிலில் வைக்காதே, முதலில் ஈஸ்டைப் போடு.