லயத்து வைஃபை: டவரா, சேனலா?

தலவாக்கலையிலிருந்து:
எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) இப்ப வீட்டுக்கு வீடு 4ஜி ரவுட்டர். பொழுது சாஞ்சா எல்லா இஸ்தோப்புலயும் (முன் திண்ணை) ஒரே புலம்பல்: டவர் சரியில்ல, நெட்டு இழுக்குது. ரவுட்டர் பக்கத்துல நின்னு ஸ்பீட் பாத்தா நல்லாத்தான் காட்டுச்சு. குசினிக்குள்ள போனா வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. அப்ப டவரை ஏசி என்ன புண்ணியம்?

போன்ல வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பாத்தேன். பக்கத்து வீடு, முதுகு வீடு (பின்சுவர் ஒட்டின வீடு) எல்லாம் சேனல் 6-ல (சேனல்னா வைஃபை அலை போற பாதை) குந்தியிருக்கு, நம்மளதும் அங்கதான். பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சு (சில ரவுட்டருக்கு வேற நம்பர், அடியில ஸ்டிக்கர்ல இருக்கும்) வயர்லெஸ் செட்டிங்ஸ்ல ஆட்டோவை எடுத்துட்டு 11 போட்டேன். சேனல் அகலம் 40-ல இருந்துச்சு, 20 மெகாஹெர்ட்ஸா குறைச்சேன். வேகம் குறையுமேன்னு யோசிக்காதீங்க, இத்தனை வீடு ஒட்டி இருக்கிற இடத்துல 40 வச்சா எல்லாருக்கும்தான் தொல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல 1, 6, 11 சேனல் மூணும் ஒன்னுமேல ஒன்னு ஏறாது. காலியா இருக்குன்னு 3-ஓ 4-ஓ போட்டா ரெண்டு பக்கத்து இரைச்சலும் நமக்குத்தான். இப்ப அம்மா ரொட்டி சுட்டுக்கிட்டே நாடகம் பாக்குறாங்க.

பண்டாரவளையிலிருந்து:
அண்ணே, நம்ம வீடு பழைய கருங்கல் சுவர். ரவுட்டர் விடுற இன்னொரு அலை, 5 கிகாஹெர்ட்ஸ், முன் காம்பராவை (அறையை) தாண்டவே தாண்டாது. 2.4-க்கும் அதுக்கும் ஒரே பேர் இருந்ததால போன் எதுல ஒட்டியிருக்குன்னே புரியல. பேரை ரெண்டாப் பிரிச்சுட்டேன்: டிவிக்கு 5, பின்பக்கத்துக்கு 2.4. ரவுட்டரைக் கூரைத் தகரத்துக்கு ஒட்டினாப்ல அலமாரி உச்சியில வைக்காதீங்க, ஜன்னலோரம் வச்சா டவரும் நல்லாப் புடிக்கும்.

ஹட்டனிலிருந்து:
போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். "வைஃபை கெட்டுப்போச்சு"ன்னு வர்ற பழைய போன்ல பாதி நல்ல போன்தான். ரவுட்டர்ல டபிள்யூபிஏ3 (வைஃபை பூட்டுல புது முறை) மட்டும் போட்டிருப்பாங்க, பழைய போனுக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2-வும் 3-உம் கலந்த மோடுன்னு ஒன்னு இருக்கு, அதைப் போட்டா சேர்ந்துக்கும். டேட்டா மாசம் முடியுமுன்னே தீருதுன்னா, கனெக்ட் ஆன சாதன லிஸ்டைப் பாருங்க, தெரியாத போன் ஏதாவது இருக்கும். பாஸ்வேர்டை மாத்துங்க, டபிள்யூபிஎஸ்-ஐ (பாஸ்வேர்ட் அடிக்காம பட்டனாலயோ பின் நம்பராலயோ சேர்ற வசதி) நிப்பாட்டுங்க. செட்டிங்ஸுக்குள்ள போற அட்மின் பாஸ்வேர்ட் வேற, அதையும் மாத்தணும். அதைத்தான் யாரும் தொடுறதே இல்ல.

தலவாக்கலையிலிருந்து:
அண்ணே, லிஸ்டைப் பாத்தேன். முதுகு வீட்டுப் பொடியன்! பேசிட்டு வர்றேன்.