நானே செய்த ஆர்கேட் கன்ட்ரோலர் ஆட்டத்தின் நடுவே கட் ஆகிறது, அவசர உதவி தேவை

ஆர்கேட்_ஆசை:
வணக்கம். பிளைவுட் பெட்டி, சான்வா கம்பெனி ஸ்டிக், பட்டன் எல்லாம் வாங்கி சண்டை கேம் ஆட நானே ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலர் செய்தேன். மெனுவில் சுற்றும்போது ஒரு குறையும் இல்லை. சண்டை சூடு பிடித்ததும் டிஸ்கனெக்ட் ஆகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்ப வந்துவிடுகிறது, ஆனால் அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். கேபிள் மாற்றிப் பார்த்தாயிற்று. சனிக்கிழமை நண்பர்கள் வீட்டுக்கு வருகிறார்கள், அதற்குள் சரியாக வேண்டும்.

கம்பிமுனை:
கன்ட்ரோலர் உள்ளே என்ன சர்க்யூட் போர்டு? லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? நேராகச் செருகுகிறீர்களா, ஹப் வழியாகவா? மாற்றிய கேபிள் எவ்வளவு நீளம்?

இரவுப்பறவை:
விண்டோஸ் என்றால் பவர் ஆப்ஷனில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். எனக்கு அதோடு சரியாகிவிட்டது.

பழையகை:
சஸ்பெண்ட் என்பது சும்மா கிடக்கும் சாதனத்தைத் தூங்க வைப்பது. இவர் பட்டனை விடாமல் அடிக்கும்போது கட் ஆகிறது என்கிறார். கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுதலாமே. கேட்பவரும் போர்டின் பெயரையாவது எழுதுங்கள் தம்பி, இங்கே யாருக்கும் ஜோசியம் தெரியாது.

ஈயக்கோல்:
எனக்கு எல்லா பட்டனுக்கும் பொதுவாக ஓடும் கிரவுண்ட் வயர்மேல்தான் சந்தேகம். சான்வா பட்டன் காலுக்கு 2.8 மி.மீ. டெர்மினல்தான் (வயர் முனையில் இருக்கும் கிளிப்) பொருந்தும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் பெரும்பாலும் 4.8தான் எடுத்துத் தருவார்கள். அதை நசுக்கி மாட்டினால் அடிக்கும் அதிர்வில் நழுவும். எல்லாவற்றையும் சால்டர் பண்ணிவிடுங்கள், பிரச்சினையே வராது.

கம்பிமுனை:
கிரவுண்ட் நழுவினால் பட்டன்தான் வேலை செய்யாது, கன்ட்ரோலரே காணாமல் போகாது. பட்டன் காலில் சால்டர் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் இளகி கால் ஆட ஆரம்பிக்கும். நாளைக்கு ஒரு பட்டன் போனால் கழற்றி மாற்றவும் முடியாது.

ஈயக்கோல்:
சூட்டுக்கோலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் எதுவும்தான் இளகும். காலில் முன்கூட்டியே ஈயம் பூசி, தொட்டதும் எடுத்துவிட வேண்டும். என் பெட்டி முழுக்க சால்டர்தான், இன்றுவரை ஒரு கால் ஆடியதில்லை.

கம்பிமுனை:
உங்கள் கைக்குச் சரி. முதல்முறை செய்பவருக்கு அதைச் சொல்லலாமா?

ஆர்கேட்_ஆசை:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். போர்டு ராஸ்பெரி பை பிக்கோ, அதில் ஜிபி2040-சிஇ என்ற கன்ட்ரோலர் மென்பொருள். லேப்டாப், உபுண்டு லினக்ஸ். ஹப் இல்லை. 12 பட்டன், ஒவ்வொன்றிலும் இரண்டு டபிள்யூஎஸ்2812 எல்இடி (நிறம் மாற்றக்கூடியது). சும்மா இருக்கும்போது சிவப்பு, அழுத்தினால் அந்தப் பட்டன் மட்டும் வெள்ளை.

பொறுமைசாலி:
எல்இடிக்கு 5 வோல்ட் எங்கிருந்து வருகிறது? பிக்கோவின் விபஸ் காலிலிருந்து (யுஎஸ்பியின் 5 வோல்ட் வரும் கால்) என்றால் மொத்தமும் லேப்டாப் போர்ட்தான் தருகிறது.

கணக்குப் போடுங்கள். ஒரு எல்இடியில் ஒரு நிறம் முழு வெளிச்சத்தில் எரிய சுமார் 20 மில்லிஆம்ப். 24 எல்இடியும் சிவப்பாக நின்றாலே 480. யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 வரைதான், 3.0 என்றால் 900. ஒரு பட்டன் வெள்ளையானால் பச்சையும் நீலமும் சேர்ந்து இன்னொரு 80 கூடும். சண்டையில் மூன்று நான்கு பட்டன் ஒன்றாக விழும்போது 800 வந்துவிடுகிறது. மெனுவில் ஒவ்வொன்றாக அழுத்துகிறீர்கள், அதனால் அங்கே தாங்குகிறது.

ஆட்டத்தைத் திறக்காமலே, 12 பட்டனில் எட்டை உள்ளங்கையால் சேர்த்து அழுத்துங்கள். வெள்ளை மஞ்சளாகவோ சிவப்பாகவோ மங்கினால் வோல்ட்டேஜ் இறங்குகிறது. கட் ஆகும் நேரம் விளக்கு எல்லாம் அணைந்து திரும்ப எரிந்தால் கரண்டே நிற்கிறது. விளக்கு எரிந்துகொண்டே கன்ட்ரோலர் மட்டும் போனால் டேட்டா வயர் பக்கம் தேட வேண்டும். உபுண்டுவில் கட்டளை அடிக்கும் டெர்மினல் விண்டோவைத் திறந்து, சிஸ்டம் செய்திகளைக் காட்டும் சூடோ டிஎம்எஸ்ஜி -டபிள்யூ ஓடவிட்டு, கடைசி வரிகளை இங்கே போடுங்கள்.

பழையகை:
எல்இடி இருப்பதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை பதில் தேவைப்பட்டிருக்காது.

ஆர்கேட்_ஆசை:
ஆமாம், விபஸிலிருந்துதான். சேர்த்து அழுத்தியதும் எல்லாம் அணைந்து எரிந்தது. டிஎம்எஸ்ஜியில் "ஓவர்-கரண்ட் சேஞ்ச்", அதை ஒட்டி "யுஎஸ்பி டிஸ்கனெக்ட்".

பொறுமைசாலி:
அதேதான். போர்ட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கரண்டை நிறுத்துகிறது. எஸ்2 (ஸ்டார்ட்) பட்டனைப் பிடித்தபடி கேபிளைச் செருகி, பிரவுசரில் 192.168.7.1 திறந்து எல்இடி வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். முழு வெளிச்சம்தான் வேண்டும் என்றால் எல்இடிக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் போடுங்கள். கிரவுண்டை மட்டும் பிக்கோவோடு சேருங்கள், இரண்டு 5 வோல்ட்டையும் ஒன்றாக இணைக்காதீர்கள்.

இரவுப்பறவை:
ராஸ்பெரி பை 5 என்ற குட்டிக் கணினியில் ஆடுபவர்களும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 3 ஆம்ப் அடாப்டர் போட்டால் எல்லா யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 600 மில்லிஆம்ப்தான் விடும். 5 ஆம்ப் அடாப்டர் வேண்டும்.

ஈயக்கோல்:
பட்டன் வயரின் டெர்மினல் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆர்கேட்_ஆசை:
வெளிச்சத்தைக் குறைத்தேன், கட் ஆகவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கம்பிமுனை:
எவ்வளவுக்குக் குறைத்தீர்கள்? எனக்கும் இதே பட்டன்தான், 16 வைக்கப் போகிறேன்.