பிசான நெல்லுக்கு மேலுரம்: நாற்று முற்றிவிட்டால் நாள் கணக்கு எப்படி?

கேள்வி: கடைமடைக்காரன்

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாயின் கடைமடையில் பிசானத்துக்கு (மழைக்காலப் பருவம்) அம்பை 16 என்ற நெல் ரகத்தை நட்டிருக்கிறேன். தண்ணீர் பிந்தி வந்ததால் 35 நாள் நாற்றைத்தான் நட முடிந்தது. நட்டு இரண்டு வாரம் ஆகிறது. அடியுரம் இட்டாயிற்று; பயிர் வளரும்போது இடும் மேலுரம் இன்னும் இடவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மழை ஓய்ந்தபின் இரண்டு தவணை யூரியாவையும் சேர்த்தே வீசிவிடலாம் என்கிறார் உரக்கடைக்காரர். அப்படிச் செய்யலாமா, அல்லது தூர் கட்டும் (பக்கக் கிளைகள் வெடிக்கும்) பருவத்துக்கு ஒன்று, கதிர் உருவாகும் பருவத்துக்கு ஒன்று என்று பிரித்துத்தான் இட வேண்டுமா?

பதில் 1: ஆற்றுப்பாசனம்

அண்ணாச்சி, நட்ட நாளிலிருந்து எண்ணினால் இந்த முறை கணக்குத் தப்பும். அம்பை 16 விதைத்த நாளிலிருந்து 110 முதல் 115 நாளில் அறுவடைக்கு வரும் ரகம். பூத்தபின் மணி முற்றச் சுமார் 30 நாளும், அதற்கு முன் கதிர் உருவாகி வெளிவரச் சுமார் 30 நாளும் ஆகும் என்பதால், விதைத்து 50 நாளை ஒட்டியே தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கிவிடும். உங்கள் பயிர் ஏறக்குறைய அந்த வயதில்தான் நிற்கிறது. முற்றிய நாற்று நடவு அதிர்ச்சியில் சில நாள் பின்தங்கும் என்பதும் உண்மைதான். ஆகவே காலண்டரைப் பார்ப்பதைவிடத் தண்டைக் கீறிப் பார்ப்பது மேல். நல்ல குத்துகள் (நட்ட பயிர்க் கொத்துகள்) சிலவற்றில் தாய்த் தண்டை வேரோடு எடுத்து, அடியிலிருந்து நெடுக்காகப் பிளந்தால், மேல் கணுவுக்குச் சற்று மேலே ஓரிரு மில்லிமீட்டர் உயரத்தில் வெண்மையான, மென்மயிர் படர்ந்த கூம்பு தெரியும். அது தென்பட்டால் கதிருக்கான தவணையைத் தள்ளிப் போடக் கூடாது. தென்படாவிட்டால் தூருக்கான தவணையை உடனே இட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் கீறிப் பாருங்கள்.

இரண்டையும் சேர்த்து இடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்ற பரிந்துரையை அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று நான்காகப் பிரித்தால், ஒரு தவணைக்கு ஏக்கருக்கு 26 கிலோ யூரியா வரும். ஒரே மூச்சில் 52 கிலோ கொடுத்தால் பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடும் காற்றோடும் போய்விடும்.

பதில் 2: வாமடை

நாளைப் போலவே வயலின் நிலையும் முக்கியம். நம் பகுதியில் பல இடங்களில் தண்ணீர் வயல் விட்டு வயல் பாய்கிறது. அந்த ஓட்டத்தில் யூரியாவை வீசுவது கீழ்வயல்காரருக்குச் செய்யும் தருமம்தான். மழை இடைவெளி விடும் நாளாகப் பார்த்து, தண்ணீரைச் சேறு தெரியும் அளவுக்கு வடித்து, வாமடையை (வரப்பில் நீர் பாயும் திறப்பை) அடைத்துவிட்டு உரத்தை இடுங்கள். யூரியா மண்ணில் அம்மோனியமாக மாறி, களிமண்ணில் ஒட்டிக்கொள்ள ஓரிரு நாள் வேண்டும். அதற்குள் வயல் நிரம்பி வழிந்தால் இட்டது வீண். இட்ட மறுநாள் மெல்லிய நீர் கட்டிவிட்டால், பிறகு காய்ந்து காய்ந்து நனைவதால் ஏற்படும் இழப்பும் குறையும்.

யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு ஆகியவற்றை 5:4:1 என்ற எடை விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுவது நல்லது. இப்போது வரும் யூரியாவே வேம்பு பூசியதுதான் என்றாலும், மழைக்காலத்தில் இந்தக் கலவைக்குத் தனிப் பயன் உண்டு என்பது என் கருத்து.

பதில் 3: பச்சைவயல்

மேலே சொன்னவற்றோடு ஓர் எச்சரிக்கை. கார்த்திகை, மார்கழி மேகமூட்டத்தில் வெயில் குறைவு. அப்போது தழைச்சத்து கூடினால் இலை கறுத்து, குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும், கதிர் கனத்ததும் பயிர் சாயும். ஆகவே அடுத்த தவணைகளை இலை வண்ண அட்டையிடம் (எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகளோடு இலையை ஒப்பிடும் அட்டை) கேட்டு முடிவு செய்யுங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள், மேலிருந்து மூன்றாவதாக முழுதும் விரிந்த இலையை, உங்கள் உடல் நிழலிலேயே வைத்துப் பத்து இடங்களில் ஒப்பிட வேண்டும். ஆறு இடங்களிலாவது 4-க்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா தேவை. வெள்ளைப் பொன்னிக்கு இந்த அளவு 3.

கதிர் வெளிவரும்போது இடும் கடைசித் தவணையைக் கண்ணை மூடிக்கொண்டு இடுபவர்கள் அதிகம். அட்டை 4-ஐக் காட்டினால் அதை நான் விட்டுவிடுவேன்.

கடைமடைக்காரன்

இன்று கீறிப் பார்த்தேன். வரப்போரக் குத்துகளில் கூம்பு இருக்கிறது, நடுவயலில் இல்லை. எதை வைத்து முடிவு செய்வது?

ஆற்றுப்பாசனம்

நடுவயலை வைத்துத்தான். வரப்போரத்தில் வெயிலும் இடமும் கூடுதல் என்பதால் அது முந்தும். தண்ணீர் வடிந்ததும் தூருக்கான தவணையை இடுங்கள்.